மெடிக்கல் சீட்டை விட்டார்... மைதானத்தை விடவில்லை! - கால்பந்து நாயகி ஜூலி ஃபவுடியின் கதை

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உலகமே அண்ணாந்து பார்க்கும் ஒரு பல்கலைக்கழகத்தில். தெருவுக்கே ஸ்வீட் கொடுத்து முடிக்கும் நேரத்தில், அந்தப் பிள்ளை வந்து நிற்கிறது. ‘எனக்கு டாக்டர் படிப்பு வேணாம்... நான் ஃபுட்பால் ஆடப் போறேன்’ என்கிறது. உங்களுக்கு எப்படி இருக்கும்? ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்று கேட்காத அப்பா அம்மா எத்தனை பேர் இருப்போம்?

1990-களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு பெண் அந்த முடிவைத்தான் எடுத்தார். பெயர் ஜூலி ஃபவுடி. கிடைத்தது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இடம். அன்றைக்கு அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை கால்பந்து லீக்கூடக் கிடையாது. அதாவது, ‘இதை வெச்சு எப்படிப் பொழப்பு நடத்துவே?’ என்று யாராவது கேட்டிருந்தால், அவரிடம் உருப்படியான பதில் இருந்திருக்காது.

அதன்பின் நடந்தது வரலாறு. 2 உலகக் கோப்பைகள், 2 ஒலிம்பிக் தங்கங்கள், ஒரு வெள்ளி. ஓய்வுக்குப் பிறகு டி.வி வர்ணனையாளர், எழுத்தாளர், பெண் குழந்தைகளுக்கான அகாடமி நடத்துபவர், கால்பந்து கிளப்பின் பங்குதாரர்களில் ஒருவர். ஆனால், பதக்கக் கணக்கை மட்டும் எழுதினால் ஃபவுடியின் கதையில் பாதியைத்தான் சொன்னதாக ஆகும். மீதிப் பாதி, அவர் வாயைத் திறந்த இடங்கள். அணியில் அவருக்கு இருந்த பட்டப்பெயரே ‘லவுடி ஃபவுடி’. நம் ஊர் பாணியில் சொன்னால், வாயாடி! அந்த வாய்தான் கடைசியில் அவருக்கு வாழ்க்கையாகவும் ஆனது. எப்படி என்று பார்ப்போம், வாங்க.

ஒரு சட்டம் திறந்துவிட்ட கதவு

ஃபவுடி பிறந்தது 1971 ஜனவரியில், சான் டியாகோவில். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் மிஷன் வியஹோ என்ற ஊரில். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி.

அவருக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, 1972 ஜூன் 23 அன்று, அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பெயர், ‘டைட்டில் நைன்’. அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதில் ‘விளையாட்டு’ என்ற வார்த்தைகூட இல்லை. ஆனால் அந்தச் சட்டம் அதிகமாகப் புரட்டிப்போட்ட இடங்களில் ஒன்று, விளையாட்டு மைதானம்.

ஏன்? அமெரிக்காவில் பள்ளியும் கல்லூரியும்தான் விளையாட்டின் நாற்றங்கால். கல்லூரி அணிகளுக்குத் தனிப் பயிற்சியாளர், தனி மைதானம், பயணச் செலவு, ஸ்காலர்ஷிப் என எல்லாம் உண்டு. ‘பையன்களுக்கு இதெல்லாம் இருக்கே... பொண்ணுங்களுக்கு எங்கே?’ என்று சட்டப்படி கேட்கும் உரிமையை டைட்டில் நைன் கொடுத்தது.

சட்டம் வருவதற்கு முன், 1971-72 கல்வியாண்டில், அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடிய மாணவிகள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று அந்த எண்ணிக்கை 30 லட்சத்துக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் பெண்களின் ரத்தத்தில் திடீரென்று விளையாட்டு ஆர்வம் ஊறிவிடவில்லை. ஆர்வம் அப்போதும் இருந்தது. இடம்தான் இல்லை.

ஃபவுடி பள்ளிக்குப் போகிற வயதில் அந்த இடம் உருவாகிக்கொண்டிருந்தது. 17 வயதிலேயே, 1988-ல், அமெரிக்க தேசிய அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார். இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே சட்டத்துக்காக அவர் மல்லுக்கட்டப் போகிறார்.

கோப்பை இல்லாத கல்லூரி நட்சத்திரம்

1989-ல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார் ஃபவுடி. பாடம், உயிரியல். ஆட்டத்தில் அவர் இடம், நடுக்களம். கால்பந்தில் நடுக்கள வீரர் என்பவர் வீட்டில் அம்மா மாதிரி. பின்னால் தடுக்கிறவர்களுக்கும் உதவணும், முன்னால் கோல் போடுகிறவர்களுக்கும் பந்தை எடுத்துக் கொடுக்கணும். 90 நிமிடமும் ஓடணும். ஆனால் மறுநாள் பேப்பரில் பெரும்பாலும் கோல் போட்டவர் படம்தான் வரும்.

1989 முதல் 1992 வரை, நான்கு வருடமும் அவர் ‘ஆல்-அமெரிக்கன்’ ஆகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது என்ன? அப்படி ஓர் அணி எங்கேயும் போய் ஆடாது. நாடு முழுக்க உள்ள கல்லூரி வீராங்கனைகளில் அந்த வருடத்தின் தலைசிறந்தவர்கள் என்று பயிற்சியாளர்கள் சங்கம் அறிவிக்கும் கௌரவப் பட்டியல் அது. அதில் ஒரு முறை இடம்பிடிப்பதே பெரிய விஷயம். ஃபவுடி ஒரு வருடம்கூட விடவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. அந்த நான்கு வருடத்தில் ஸ்டான்ஃபோர்ட் ஒரு முறைகூடத் தேசிய சாம்பியன் ஆகவில்லை. 1986 முதல் 1994 வரை வருடா வருடம் கோப்பையை அள்ளிக்கொண்டு போனது நார்த் கரோலினா பல்கலைக்கழகம்தான். ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் அணி முதல் சாம்பியன்ஷிப்பை வென்றது 2011-ல். அப்போது ஃபவுடிக்கு 40 வயது!

‘கோப்பை இல்லைன்னா எல்லாம் வேஸ்ட்’ என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டிய இடம் இது. கல்லூரி மைதானம் அவருக்குக் கோப்பையைக் கொடுக்கவில்லை. வேறு எதையோ கொடுத்தது. ஒரு கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும் பழக்கத்தை.

யாரும் பார்க்காத உலகக் கோப்பை

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1991 நவம்பரில், ஃபவுடி உலகக் கோப்பை ஆடப் போனார். சீனாவில் நடந்த அதுதான் பெண்களுக்கான முதல் கால்பந்து உலகக் கோப்பை.

இன்றைக்கு நாம் அப்படிச் சொல்கிறோம். ஆனால், அன்றைக்கு ஃபிஃபா அதற்கு ‘உலகக் கோப்பை’ என்ற பெயரைத் தரவே தயங்கியது. மிட்டாய் கம்பெனி ஸ்பான்சர் பெயரோடு, ‘எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான உலக சாம்பியன்ஷிப்’ என்று நீட்டி முழக்கி ஒரு பெயர் வைத்தார்கள். ஆண்களுக்கு 90 நிமிட ஆட்டம். பெண்களுக்கு 80 நிமிடம் போதும் என்று வைத்தார்கள். மிச்சம் 10 நிமிடம் ஆடினால் மயங்கி விழுந்துவிடுவார்களோ என்னவோ!

குவாங்சோவில் நடந்த இறுதிப்போட்டியில் நார்வேயை 2-1 என்று வீழ்த்தி அமெரிக்கா கோப்பையை வென்றது. இரண்டு கோல்களும் மிஷெல் ஏகர்ஸ் அடித்தவை. 20 வயது ஃபவுடி, உலக சாம்பியன். ஊருக்குத் திரும்பியபோது மேளதாளம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது.

உலக சாம்பியன் ஆகியும் வேலை என்று ஒன்று இல்லாத நிலைமை. ஃபவுடியின் முடிவை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

‘டாக்டர்’ வேண்டாம் என்றது ஏன்?

உயிரியல் பட்டம் வாங்கியாயிற்று. ஸ்டான்ஃபோர்ட் மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. முதலில் ஃபவுடி, சேர்வதைத் தள்ளிப்போட்டார். கடைசியில் வேண்டாம் என்றே முடிவெடுத்தார். மருத்துவத்தின் மீது தனக்கு உள்ளார்ந்த ஈடுபாடு இல்லை என்பதை உணர்ந்ததுதான் காரணம் என்று பின்னாளில் அவர் பேசியிருக்கிறார்.

இதை ‘படிப்பா, விளையாட்டா’ என்ற சண்டையாகப் பார்க்காதீர்கள். அவர் படிப்பை விட்டவர் இல்லை. படித்து முடித்தவர். மருத்துவம் மட்டமான வேலை என்று நினைத்தவரும் இல்லை. ‘எல்லோரும் மதிக்கிற வேலை’ வேறு, ‘நான் விரும்புகிற வேலை’ வேறு என்று பிரித்துப் பார்க்க 20-களின் தொடக்கத்திலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்கு 40 வயதில்கூடத் தெரியாத விஷயம் அது.

சம்பாத்தியம்? லீக் இல்லாத நாட்டில் என்ன பெரிய சம்பாத்தியம்! 1994-ல் சுவீடனுக்குப் போய், டைரசோ என்ற கிளப்புக்கு ஆடினார். பிறகு தேசிய அணியோடு முகாம், பயணம், போட்டி என்று வருடங்கள் ஓடின.

‘முடியாது’ என்று சொன்ன 9 பேர்

1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் கால்பந்து சேர்க்கப்பட்டது. சொந்த நாட்டில் ஒலிம்பிக். தயாரிப்புகள் மும்முரம். அப்போதுதான் ஒப்பந்தத்தில் ஒரு வரி வீராங்கனைகளின் கண்ணை உறுத்தியது. அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம், பெண்கள் அணிக்குத் தங்கம் வென்றால் மட்டுமே போனஸ் என்றது. ஆண்கள் அணிக்கோ எந்தப் பதக்கம் வென்றாலும் உண்டு.

டென்னிஸ் ஜாம்பவான் பில்லி ஜீன் கிங்கிடம் இதைப் பற்றிப் பேசினார் ஃபவுடி. 1970-களில் பெண் டென்னிஸ் வீராங்கனைகளுக்குச் சமமான பரிசுத்தொகை கேட்டுப் போராடியவர் கிங். அவர் காட்டிய வழி எளிமையானது. ‘ஆட மாட்டோம்னு சொல்லுங்க.’

சொல்வது எளிது. ஒலிம்பிக் கனவைப் பணயம் வைத்து அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 1995-ன் கடைசியில் ஃபவுடி, மியா ஹாம், மிஷெல் ஏகர்ஸ், கிறிஸ்டின் லில்லி உட்பட 9 பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். சம்மேளனம் அவர்களைப் பயிற்சி முகாமுக்குள் சேர்க்கவில்லை. ‘நீங்க இல்லைன்னா வேற ஆள்’ என்ற மிரட்டல்தான் அது.

அவர்கள் அசரவில்லை. அணியின் முதுகெலும்பே அந்த 9 பேர்தான் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். கடைசியில் சம்மேளனம் இறங்கிவந்தது. வெள்ளிப் பதக்கத்துக்கும் போனஸ் என்று ஒப்பந்தம் மாறியது.

அப்புறம் அவர்கள் வெள்ளி எல்லாம் வாங்கவில்லை. நேராகத் தங்கம்தான்! இறுதிப்போட்டியில் சீனாவை 2-1 என்று வென்றதை ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 76,000-க்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள்.

வேலை பார்க்கும் இடத்தில் சம்பளப் பேச்சு வந்தாலே தயங்கித் தலை குனிகிற பெண்கள் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். ஃபவுடி தனியாகப் போய் நிற்கவில்லை. முதலில் அனுபவசாலி ஒருவரிடம் யோசனை கேட்டார். பிறகு தோழிகளை ஒன்றுசேர்த்தார். அதற்குப் பிறகுதான் ‘முடியாது’ என்றார். அந்த வரிசை முக்கியம்.

பந்துக்குள் இருந்த பிஞ்சுக் கைகள்

இப்போது கதை நம் பக்கத்து நாட்டுக்கு வருகிறது.

உலகத்தில் கையால் தைக்கப்படும் கால்பந்துகளில் பெரும்பகுதி, பாகிஸ்தானின் சியால்கோட் நகரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்தவை. வழக்கமான கால்பந்தில் 32 துண்டுகள் இருக்கும். 12 ஐங்கோணம், 20 அறுகோணம். ஒவ்வொன்றையும் ஊசி நூலால் சேர்த்து, தையல் வெளியே தெரியாமல் இழுத்து முடிய வேண்டும். வீடு வீடாகக் கொடுத்துத் தைக்கும் வேலை என்பதால், குழந்தைகளும் அதில் உட்கார்ந்தார்கள். 1990-களின் நடுவில் இந்த விஷயம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய சர்ச்சையானது.

அப்போது ஃபவுடிக்கு ரீபாக் நிறுவனத்தோடு விளம்பர ஒப்பந்தம் இருந்தது. வழக்கமாக விளம்பரத்தில் வருகிற நட்சத்திரங்கள் என்ன செய்வார்கள்? பந்தைக் கையில் பிடித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஃபவுடி, ‘இந்தப் பந்தை யார் தைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியணும்’ என்கிற கட்சி. பாகிஸ்தானுக்கே நேரில் போனார். தையல் கூடங்களைப் பார்த்தார்.

1997-ல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப், சியால்கோட் வர்த்தக சபை மூன்றும் சேர்ந்து, கால்பந்துத் தொழிலில் இருந்து குழந்தைகளை விடுவிப்பதற்கான ‘அட்லான்டா ஒப்பந்தம்’ போட்டன. தையல் வேலையை வீடுகளில் இருந்து, கண்காணிக்கக்கூடிய கூடங்களுக்கு மாற்றுவது அதன் முக்கிய அம்சம். வீட்டுக்குள் தைத்தால், தைத்தது அம்மாவா, எட்டு வயது மகளா என்று யார் பார்ப்பது? அதனால்தான் இந்த மாற்றம்.

குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராகக் குரல் கொடுத்ததற்காக, அதே 1997-ல் ஃபவுடிக்கு ‘ஃபேர் ப்ளே’ விருது வழங்கியது ஃபிஃபா. அவர் வாங்கிய விருதுகளில் கோல் கணக்கோடு சம்பந்தமே இல்லாத விருது இது.

90,185 பேர்

1999 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. ஜூலை 10 அன்று, கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் இறுதிப்போட்டி. அமெரிக்கா - சீனா. வந்தவர்கள் 90,185 பேர். 8 வருடத்துக்கு முன்னால் யாருக்குமே தெரியாத அணி இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் நேரத்திலும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் 5-4 என்று அமெரிக்கா வென்றது. கடைசிப் பந்தை அடித்த பிராண்டி சாஸ்டெயின் முழங்காலிட்டுக் கொண்டாடிய படம்தான் மறுநாள் உலகம் முழுக்க. நடுக்களத்தில் ஓடிக் களைத்த ஃபவுடி, வழக்கம்போல அந்தப் படத்தில் இல்லை. அதற்காக அவர் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை!

அந்த அலையில்தான் 2001-ல் அமெரிக்காவின் முதல் பெண்கள் தொழில்முறை லீக் பிறந்தது. 8 அணிகள். ஃபவுடி, சான் டியாகோ ஸ்பிரிட் அணிக்கு ஆடினார். ஆனால் பணம் தண்ணீராகக் கரைந்தது. லீக்கைக் காப்பாற்ற மூத்த வீராங்கனைகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அப்படியும் 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்க ஐந்தே நாள் இருக்கும்போது, லீக் மூடப்பட்டது. எல்லாக் கதவும் ஒரே தட்டில் திறந்துவிடாது.

கையெழுத்துப் போடாத அறிக்கை

இப்போது டைட்டில் நைனுக்குத் திரும்புவோம். 2002-ல் அந்தச் சட்டத்துக்கு 30 வயது. அப்போது எதிர்ப்பு வலுத்திருந்தது. சில கல்லூரிகள் ஆண்களின் மல்யுத்தம் போன்ற அணிகளைக் கலைத்தன. ‘பெண்களுக்குக் கொடுக்கிறதால எங்களுக்கு இல்லாமப் போச்சு’ என்று மல்யுத்தப் பயிற்சியாளர்கள் வழக்கே போட்டார்கள்.

உண்மையில் விதி என்ன சொல்கிறது? ஒரு கல்லூரி மூன்றில் ஏதாவது ஒன்றை நிரூபித்தால் போதும். மாணவிகளின் விகிதத்துக்கு ஏற்ப விளையாட்டிலும் இடம் கொடுத்திருக்க வேண்டும். அல்லது, பெண்களுக்கான வாய்ப்புகளைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். அல்லது, அங்கே படிக்கும் மாணவிகளின் ஆர்வத்தை முழுமையாகப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். ஆண்கள் அணியைக் கலைக்கச் சொல்லி எந்த வரியும் இல்லை. பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது கல்லூரியின் முடிவு.

அமெரிக்கக் கல்வித்துறை 15 பேர் கொண்ட குழுவை அமைத்தது. அதில் ஃபவுடியும் ஒருவர். அப்போது அவர், பில்லி ஜீன் கிங் தொடங்கிய பெண்கள் விளையாட்டு அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தவர். குழுவின் பரிந்துரைகளில் சில, சட்டத்தைப் பல் பிடுங்கிய பாம்பாக ஆக்கிவிடும் என்று அவருக்குப் பட்டது. 1964 ஒலிம்பிக்கில் 2 தங்கம் வென்ற நீச்சல் வீராங்கனை டோனா டி வரோனாவுக்கும் அதே கருத்து.

2003-ல் இறுதி அறிக்கை தயாரானபோது, இருவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். தங்கள் மறுப்பைத் தனி அறிக்கையாக எழுதி வெளியிட்டார்கள். 15 பேரில் 2 பேர். எடுபடுமா? அந்த வருடம் ஜூலையில் கல்வித்துறை வெளியிட்ட விளக்கம், பழைய விதிகள் அப்படியே தொடரும் என்றது.

யோசித்துப் பாருங்கள். அப்போது ஃபவுடிக்கு 32 வயது. கல்லூரி முடித்து பத்து வருடம் ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தால் அவருக்கு இனி ஆகவேண்டியது எதுவும் இல்லை. தான் ஏறி வந்த ஏணியை அடுத்தவர் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

பூட்ஸைக் கழற்றிய பிறகு...

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கேப்டனாகக் களமிறங்கி, பிரேசிலை வென்று இரண்டாவது தங்கம். அந்த டிசம்பரிலேயே மியா ஹாமும் ஃபவுடியும் மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தோடு ஒன்றாக விடைபெற்றார்கள். 2007-ல் இருவரும் ஒன்றாகவே அமெரிக்கக் கால்பந்தின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவத்தையும் பெற்றார்கள்.

விளையாட்டு வீரர்கள் பலருக்கு ஓய்வு என்பது பெரிய வெறுமை. ஃபவுடிக்கு அந்தச் சிக்கல் குறைவு. காரணம், ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலையைப் பழகத் தொடங்கியிருந்தார். 1998 ஆண்கள் உலகக் கோப்பையின்போதே ஈ.எஸ்.பி.என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசியவர் அவர். பிறகு அதுவே முழுநேரத் தொழிலானது. 2011 உலகக் கோப்பை காலிறுதியில், பிரேசிலுக்கு எதிராக 122-வது நிமிடத்தில் அபி வாம்பாக் தலையால் முட்டி அடித்த கோலை அமெரிக்க ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். அந்த ஆட்டத்தை இயன் டார்க்கோடு சேர்ந்து வர்ணித்தவர் ஃபவுடி. ‘லவுடி’ என்று கிண்டலடிக்கப்பட்ட வாய், மைக் முன்னால் சம்பளம் வாங்கியது!

2006-ல், கால்பந்துப் பயிற்சியாளரான கணவர் இயன் சாயர்ஸோடு சேர்ந்து ‘ஜூலி ஃபவுடி ஸ்போர்ட்ஸ் லீடர்ஷிப் அகாடமி’யைத் தொடங்கினார். பதின்பருவப் பெண்களுக்கான முகாம் அது. ஆட்டப் பயிற்சியோடு, தலைமைப் பண்புக்கும் பயிற்சி. பதவி கிடைத்தால்தான் தலைவர் என்பதில்லை. அவரவர் இயல்புக்கு ஏற்றபடி, சத்தமாகவோ அமைதியாகவோ, யாரும் தலைமை தாங்கலாம் என்பதுதான் அங்கே அடிப்படைப் பாடம். 2017-ல் வெளிவந்த ‘சூஸ் டு மேட்டர்’ என்ற அவரது புத்தகமும் வளரிளம் பெண்களுக்கு இதைத்தான் சொல்கிறது.

2020-ல் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஏஞ்சல் சிட்டி’ என்ற பெண்கள் கால்பந்து கிளப் அறிவிக்கப்பட்டபோது, நடிகை நடாலி போர்ட்மேன் உள்ளிட்டோர் தொடங்கிய அந்த முயற்சியில், ஹாம், ஃபவுடி போன்ற முன்னாள் வீராங்கனைகளும் முதலீட்டாளர்களாகச் சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் ஆடுவதற்கு லீக்கே இல்லாதவர், இப்போது கிளப்பின் முதலாளிகளில் ஒருவர்.

1995-ல் 9 பேர் தொடங்கிய அந்தப் போனஸ் சண்டை? அதையும் சொல்லிவிடலாம். அடுத்தடுத்த தலைமுறை வீராங்கனைகள் அதைக் கைவிடவில்லை. 2019-ல் வழக்குப் போட்டார்கள். 2022-ல் 2.4 கோடி டாலர் இழப்பீட்டோடு சமரசம் ஏற்பட்டது. அதே வருடம், ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சம ஊதியம் என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகக் கோப்பைப் பரிசுத்தொகையையும் இரண்டு அணிகளும் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. 27 வருட ரிலே ஓட்டம். முதல் சுற்றை ஓடியவர்களில் ஃபவுடியும் ஒருவர்.

ஃபவுடி - ஒரு பார்வை

* தேசிய அணி: 1988 - 2004
* ஆடிய சர்வதேசப் போட்டிகள்: 270-க்கும் மேல், கோல்கள்: 45
* உலகக் கோப்பை: 1991, 1999 சாம்பியன், 1995, 2003 மூன்றாம் இடம்
* ஒலிம்பிக்: 1996, 2004 தங்கம், 2000 வெள்ளி
* கல்லூரி: ஸ்டான்ஃபோர்ட், 4 முறை ஆல்-அமெரிக்கன்

நமக்கு என்ன இருக்கிறது இதில்?

‘சரி, என் பிள்ளையும் மெடிக்கல் சீட்டை விட்டுட்டு மைதானத்துக்குப் போகணும்ங்கறீங்களா?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இல்லை. ஃபவுடி போல உலக சாம்பியன் ஆகிறவர்கள் லட்சத்தில் ஒருவர். ஆனால் அவர் கதையில் எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அவர் இரண்டையும் ஒன்றாகவே செய்தார். ஆட்டத்துக்காகப் படிப்பை விடவில்லை. படிப்புக்காக ஆட்டத்தை விடவில்லை. பட்டம் கையில் இருந்ததால்தான் துணிந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது. பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் ஷூவைப் பரணில் தூக்கிப்போடும் முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு, மைதானம் கொடுப்பது கோப்பையை மட்டும் அல்ல. தோற்றுவிட்டு மறுநாள் காலை மறுபடி பயிற்சிக்கு வருவது, பிடிக்காதவருக்கும் பந்தைக் கொடுப்பது, ‘இது சரியில்லை’ என்று கேப்டனாக எழுந்து சொல்வது... இவற்றை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. சம்மேளனத்திடமும் கல்வித்துறைக் குழுவிலும் டி.வி ஸ்டூடியோவிலும் ஃபவுடிக்குக் கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

மூன்று, ‘வாயாடி’ என்று வீட்டில் அடக்கப்படும் பெண் பிள்ளைகளைப் பற்றி. அந்த வாய் என்ன பேசுகிறது என்று ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். தனக்காக மட்டும் பேசுகிறதா, கூட இருப்பவர்களுக்காகவும் பேசுகிறதா? இரண்டாவது ரகம் என்றால், தயவுசெய்து அடக்காதீர்கள். ஒரு நல்ல கேப்டன் உங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.